வான்குடை மடித்தலும் அதன் விரிதலும்

வானத்திலிருந்து குதிப்பவனுக்கு நேரக்கூடிய பெருங்கேடு யாதென வினவினால், குடை விரியாமற் போதலே என நம்மிற் பலர் விடையிறுப்போம். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதுமன்று. விரியவேண்டிய விரைவினும் மிகுந்த விரைவிற் குடை விரிந்துவிடின், அதுவும் அவனுக்குக் கேடாய் முடியலாம். அத்தகைய விரிதலினாற் கழுத்தென்பு ஊறுபட்டோரும், நினைவிழந்தோரும், பெருநாடி கிழிந்து உயிர்துறந்தோரும் உளர். காப்பதற்கென்று முதுகிற் சுமந்து சென்ற பொருளே தாக்கும் பொருளாவது எங்ஙனம்? மடித்து வைத்தவரின் கைக்கு அதில் எத்துணைப் பங்குண்டு? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பரசூட் என வழங்கும் வான்குடையின் தொழில் வேகத்தைக் கழித்தலாகும். கைகால்களைப் பரப்பி, வயிறு நிலம் நோக்க விழும் ஒருவன் ஏறத்தாழப் பன்னிரண்டு செக்கன்களில் மணிக்கு 120 மைல் வேகத்தை எய்துகின்றான். அந்நிலையிற் காற்றின் தடை அவனுடைய நிறைக்குச் சமமாகிவிடுவதால் வேகம் மேலும் வளர்வதில்லை. இதனையே பௌதிக நூலார் முடிவுவேகம் என்பர். இவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 54 மீற்றராகும். விரிந்த குடையின் கீழ் அவன் இறங்கும் வேகமோ செக்கனுக்கு 6 மீற்றர் அளவினதே. ஆகவே செக்கனுக்கு 48 மீற்றர் வேகத்தைக் குடை அவனிடமிருந்து வாங்கிக்கொள்ளல் வேண்டும். எவ்வளவு நேரத்தில் அது வாங்குகின்றது என்பதிலேயே நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன.

நம் மாணவர்கள் தாமே செய்துபார்க்கக்கூடிய ஓர் எளிய கணக்கை இங்கே தருகின்றோம். வேகம் ஒரே சீராகக் குறைகின்றதெனக் கொள்க. மூன்று செக்கன்களிற் குறையுமாயின், அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 16 மீற்றராகும். புவியீர்ப்பையும் கூட்டிக்கொண்டால், அவனுடைய உடற்பட்டிகள் தாங்கவேண்டிய விசை அவன் நிறையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காம். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவனுக்கு இது 180 கிலோகிராம் நிறையை ஒக்கும். உடலுறுதியுள்ளவன் இதனை இன்னலின்றித் தாங்குவான். அதே வேகம் அரைச் செக்கனிற் கழிக்கப்படின், விசை அவன் நிறையைப்போற் பதினொரு மடங்கை அணுகும். அதாவது 750 கிலோகிராமுக்கு மேற்படும். இது சராசரிக் கணக்கே. உண்மையில் விசை ஒரே சீராக இராமல் ஒரு கணத்தில் உச்சத்தை எட்டுமாதலின், அவ்வுச்சம் இதனினும் பெரிதாயிருக்கும். தோளையும் தொடையையும் பட்டிகள் பிடித்துக்கொள்ளத் தலை மாத்திரம் கட்டின்றி நிற்பதால், முதலில் ஊறுபடுவது கழுத்தே.

இனி, குடை விரியும் முறையை நோக்குவோம். அதில் இரண்டு அதிர்ச்சிகள் உள. பைக்குள்ளிருந்து வெளிப்பட்ட துணியையும் கயிறுகளையும் காற்றுப் பின்னுக்கு இழுக்கின்றது. கயிறுகள் முழு நீளத்துக்கும் நீண்டு இறுகும் கணத்தில் முதலாவது அதிர்ச்சி உண்டாகின்றது. கட்டியிருக்கும் மாடு ஓடிக் கயிற்றின் எல்லையை அடையும்போது முளையில் ஏற்படும் வெட்டிழுப்பை இதற்கு ஒப்பிடலாம். அதன்பின் துணிக்குள்ளே காற்று நிறைந்து அது அகலும்போது உண்டாவது இரண்டாவது அதிர்ச்சி. கயிறுகள் இறுகுமுன்னரே துணி காற்றைக் கொள்ளத் தொடங்கிவிடின், இவ்விரண்டும் ஒன்றன்மேலொன்றாய் வந்து தாக்கும். எனவே, கயிறு முந்துக, துணி பிந்துக என்பதே மடிப்பதில் முதல் விதியாயிற்று.

இவ்விதி எளிதிற் கிடைத்ததன்று. இரண்டாம் உலகப்போரின்போது 1940ஆம் ஆண்டிற் பிரித்தானியர் மாஞ்செஸ்ரர் நகருக்கு அண்மையிலுள்ள றிங்வே விமானத்தளத்திற் குடைப்படையினரைப் பயிற்றத் தொடங்கினர். முதலிற் பயன்படுத்திய குடைகளிற் துணி முன்னும் கயிறுகள் பின்னுமாக வெளிவந்தன. விமானத்தின் காற்றோட்டத்திற் குதிப்பவன் புரண்டானாயின் விரியும் கயிறுகளுக்கிடையே சிக்கிக்கொள்ள ஏதுவிருந்தது. அவ்வாண்டு ஜூலை 25ஆந் திகதி பயிற்சி வீரனொருவன் அவ்வாறே சிக்குண்டு இறந்தான். குதித்தல் நிறுத்தப்பட்டது. றேமண்ட் குவில்ற்றர் என்பாரின் நிறுவனமும் ஏர்வின் நிறுவனமும் இணைந்து, துணியைத் தனியுறை ஒன்றினுள் இட்டு, கயிறுகள் முழுவதும் நீண்ட பின்னரே துணி உறையைவிட்டு வெளிவருமாறு ஒழுங்குசெய்தன. குதிப்போர் பெற்ற அதிர்ச்சியும் தணிந்தது. அக்காலத்து அமெரிக்க வீரரின் குடைகளோ துணி முந்தும் முறையிலேயே தொடர்ந்தன. அவை உடலைக் குலுக்கிப் பிடித்த கடுமையை அவ்வீரர்கள் நெடுநாள் மறந்தாரல்லர். 1950களில் அமெரிக்கரும் உறையிட்ட குடைக்கு மாறினர். துணியும் கயிறும் மாறாதிருக்க, அடுக்கிய ஒழுங்கு மாறியதனாலேயே இத்தனை வேறுபாடு விளைந்ததென்பது கருதத்தக்கது.

உயரமும் ஒரு காரணமாகும். மேலே காற்று மென்மையானது. ஆதலின் அங்கே குடையும் மெல்ல விரியும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. 1943ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி அமெரிக்க மருத்துவரான றண்டோல்ப் லவ்லேஸ் என்பார், உயரத்திற் குதிப்போர்க்கான ஒட்சிசன் கருவியைச் சோதிக்குமுகமாக, 40,200 அடி உயரத்தில் ஒரு விமானத்திலிருந்து குதித்தார். அவர் அதன்முன் ஒருமுறையேனும் குதித்தவரல்லர். விமானத்தோடு பிணைத்த கயிறு அவருடைய குடையை உடனே திறந்துவிட்டது. அவ்வதிர்ச்சியில் அவர் நினைவிழந்தார். ஒரு கையின் உறைகள் கழன்று பறந்தன. அக்கடுங்குளிரில் அக்கை உறைபனியால் ஊறுபட்டது. ஒட்சிசன் கருவி அவரைக் காத்தமையால் உயிருடன் நிலத்தை அடைந்தார்.

இதன் காரணத்தை இவ்வாறு விளக்கலாம். ஒரு குடை நிறைவதற்கு அது குறித்த ஒரு தூரம் காற்றினூடே சென்றாகல் வேண்டும். காற்றுச் செறிவாயிருப்பினும் மென்மையாயிருப்பினும் அத்தூரம் பெரிதும் மாறுவதில்லை. மேலே காற்றின் தடை குறைவாதலின் குதிப்பவனின் வேகம் மிகுதி. ஆகவே அத்தூரத்தை அவன் மிகக் குறைந்த நேரத்திற் கடந்துவிடுகின்றான். அன்றியும், குடை நிறைந்துகொண்டிருக்கும்போது மென்காற்று அவனுடைய வேகத்தைச் சிறிதே குறைக்கின்றது. முழுதாய் விரிந்த குடை குறையாத வேகத்தை ஒரேயடியாகச் சந்திக்கின்றது. ஆதலின், உயரத்திலிருந்து குதிக்க நேர்ந்தவன் செறிந்த காற்றுள்ள தாழ்நிலைக்கு விழுந்த பின்னரே குடையை விரித்தல் நன்று என்பது தெளிவாயிற்று. 1960ஆம் ஆண்டு ஆகத்து 16ஆந் திகதி 102,800 அடியிலிருந்து குதித்த யோசப் கிற்றிஞ்சர் என்னும் அமெரிக்க விமானப்படை அதிகாரி, உடல் சுழலாது காக்கும் சிறுகுடை ஒன்றோடு விழுந்து, ஏறத்தாழ 18,000 அடியிலேயே பெருங்குடை விரியப்பெற்றார். அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் அவர் குதித்தபோது அச்சிறுகுடை உரிய காலத்துக்கு முன்னரே வெளிப்பட்டு அவருடைய கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவர் சுழன்று நினைவிழந்தார். தானே திறக்கும் அமைப்பினாற் குடை விரிந்து அவர் உயிரைக் காத்தது. விரைவு எத்துணைக் கேடோ, முறைதவறிய காலமும் அத்துணைக் கேடே.

இன்று விளையாட்டாகக் குதிப்போர் கையாள்வது வட்டக் குடையன்று. டொமினா ஜல்பேட் என்பார் 1960களில் அமைத்த சிறகுக் குடையின் வழிவந்ததே அது. மேலும் கீழுமாக இரு துணிகளும், அவற்றை இணைக்கும் நிலைத்த துணிச் சுவர்களும், முன்புறம் திறந்த அறைகளுமாக அது அமைந்துள்ளது. முன்வாயிலாற் காற்றுப் புகுந்து நிறைய, அது பறவையின் சிறகுபோல் வடிவுகொள்கின்றது. இத்தகைய குடை தொடக்கத்தில் மிகக் கடுமையாக விரிந்தது. 1970களில் அதற்கு ஒரு கடிவாளம் கண்டனர். அதுவே சிலைடர் எனப்படும் சறுக்குத் துணி. நீள்சதுரமான ஒரு சிறு துணியின் நான்கு மூலைகளிலும் உலோக வளையங்கள் உள. நான்கு தொகுதிக் கயிறுகளும் அவ்வளையங்களினூடே செல்கின்றன. மடிக்கும்போது அத்துணி கயிறுகளின் உச்சியிலே, குடையை ஒட்டி வைக்கப்படும். விழும் வேகம் மிகுந்திருக்கும்வரை காற்று அதனை மேலே தள்ளி நிறுத்த, கயிறுகள் அகலமாட்டா, குடையும் அகலமாட்டாது. வேகம் குறையக் குறையக் குடை அகன்று அத்துணியைக் கீழே தள்ளுகின்றது. இவ்வாறு அரைச் செக்கனில் முடியக்கூடிய செயல் சில செக்கன்களுக்கு நீட்டப்படுகின்றது.

மடிப்போர் செய்யும் பிழைகளுட் தலையாயது இத்துணியைப் பற்றியதே. உச்சியிலுள்ள தடைகளோடு ஒட்டிநிற்க வேண்டிய சறுக்குத் துணி, மடிக்கும் கையின் அசைவினாற் சற்றே கீழிறங்கிவிடின், குடையின் அடிவாய் அந்த அளவுக்கு முன்னரே அகல இடம் பெறுகின்றது. காற்று அவ்விடத்தைப் பற்றிக்கொள்ள, சறுக்குத் துணி தன் தொழிலைத் தொடங்குமுன்னரே கீழே தள்ளப்பட்டுவிடும். இரண்டாவது பிழை கயிறுகளைப் பற்றியது. கயிறுகளைச் சிறு சிறு மடிப்புகளாக்கி இறப்பர் வளையங்களிற் செருகி வைப்பது வழக்கம். வளையம் தளர்ந்திருப்பின், அல்லது செருகிய மடிப்பு மிகச் சிறிதாயிருப்பின், கயிறுகள் ஒவ்வொன்றாக நீளாமல் ஒருங்கே கொட்டுண்டுவிடும். அப்போது கயிறுகள் இறுகுமுன்னரே துணி உறையைவிட்டு வெளியேறுகின்றது. றிங்வேயில் 1940இற் களைந்த பழைய தீங்கு ஒரு தேய்ந்த இறப்பர் வளையத்தின் வழியாக மீண்டும் வந்து சேர்கின்றதென்க. மூன்றாவது, முன்வாயில்களை ஒழுங்காக உள்ளடக்காமற் காற்றுக்கு எதிரே விரித்து விடுதல். நான்காவது, இருபுறத்துத் தடுப்புக் கயிறுகளுள் ஒன்றை அதற்குரிய இடத்தில் மாட்டாது விடுதல். இதனாற் குடை ஒருபுறமாகச் சுழலத் தொடங்கும்.

கடுமையான விரிதல் யாவும் மடித்தவர் குற்றமெனக் கூறுதல் நீதியன்று. தலைகீழாய்ப் பாய்ந்து வந்தவன் வேகத்தைத் தணியாமற் குடையை விரிப்பின், தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளருமாதலின், ஒன்றரை மடங்கு வேகம் இரண்டே கால் மடங்கு விசையாகும். சறுக்குத் துணியின் வளையங்கள் உராய்வதால் எழும் வெப்பத்திற் சிலவகைக் கயிறுகள் நாளடைவிற் சுருங்கிக் குடையின் வடிவைக் கெடுத்தலும் உண்டு. ஒரே கை ஒரே விதமாய் மடித்த குடையுங்கூட ஒருநாள் மென்மையாகவும் ஒருநாள் வன்மையாகவும் விரிகின்றது. காற்றின் செயல் முழுவதும் மனிதன் கைக்குள் அடங்கியதன்று. எனினும் அடங்குவதை அடக்காமல் விடுதற்கு இது நியாயமாகாது. களைப்புற்றவனாய், அடுத்த விமானத்தைத் தவறவிடலாகாதென்னும் அவசரத்தில் மடிப்பவனே இப்பிழைகளை மிகுதியாகச் செய்கின்றான். நூறு முறை மடித்த பழக்கமும் கண்ணை மூடிவிடுகின்றது.

இதனை உணர்ந்தே சில ஒழுங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் முதற் குடையைக் குதிப்பவன் தானே மடித்துக்கொள்ளலாம்; காப்புக் குடையையோ அரசின் சான்று பெற்ற வல்லுநரே மடித்தல் வேண்டும். 180 நாட்களுக்குள் குதிப்பு நிகழாவிடினும், அது பிரித்துப் பார்க்கப்பட்டு மீண்டும் மடிக்கப்படும். மடித்து முடிந்ததும் சிவப்பு நூலால் கட்டி, ஈயமுத்திரையிட்டு, அதில் தமக்குரிய அடையாளத்தை அவர் பதிப்பார். திகதியும் இடமும் கையொப்பமும் அதனோடிருக்கும் சிற்றேட்டில் எழுதப்படும். அந்நாட்டுத் தரைப்படையிற் குடை மடிப்போர் யாவரும் தாமும் குதிக்கப் பயின்றவர்களாய் இருத்தல் வேண்டும். தாம் மடித்த எக்குடையோடும் எந்நேரமும் குதிக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பது அவர்கள் ஏற்கும் உறுதி. இதனினும் நேர்மையான பரீட்சையை நாம் அறியோம்.

நம் கல்லூரியிலிருந்து வெளியேறியோருள் வானிலிருந்து குதிப்போர் ஒருசிலர்தாமும் இருப்பரோ ஐயமே. ஆயினும் பாலத்தின் கணக்கைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பொறியியலாளரும், மருந்தின் அளவை எழுதும் வைத்தியரும், மாணவனின் விடைத்தாளுக்குப் புள்ளியிடும் ஆசிரியரும் நம்மிடையே உளர். அவர்கள் வேலையின் பயனை அனுபவிப்போர் வேலை நடந்தபோது அங்கே இல்லாதவர்கள். தளர்ந்த வளையத்தை அவர்கள் காணப்போவதில்லை. குடை மடிப்போர் தம் மேசையைவிட்டு எழுமுன் இறுதியாக ஒருமுறை சறுக்குத் துணியை விரலால் தொட்டு, அது உச்சியிலேயே நிற்கின்றதா என்று பார்ப்பர். அதற்குச் செல்லும் நேரம் சில செக்கன்களே. குடை நன்றாய் விரிவதற்கு வேண்டிய நேரமும் அவ்வளவே.