மூன்று பெண்கள் உள்ள வீடு

"உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்பவர்களிடம், "மூன்று, மூன்றும் பெண்கள்" என்று நாம் விடை கூறும்போதெல்லாம் ஒரு சிறு மௌனம் குறுக்கிடுகிறது. கேட்டவர் நல்லவர்தாம், எம்மைப் புண்படுத்தும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. எனினும் அந்த மௌனத்தை அடுத்து, "பரவாயில்லை, பெண் பிள்ளைகள்தாம் கடைசிவரை பாசமாக இருப்பார்கள்" என்று ஓர் ஆறுதல் மொழி வந்து விழுகிறது. ஆறுதல் என்பது இழப்பு நேர்ந்தவர்களுக்குச் சொல்லப்படுவது அன்றோ? எமக்கு நேர்ந்த இழப்புதான் யாது?

மூத்தவளுக்கு இப்போது வயது 13. நடுவிலவளுக்கு 9. கடைக்குட்டிக்கு 5. ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் இட்டு, மூன்று தலைகளையும் அலசி உலர்த்தி முடிப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். பள்ளி நாள்களிலோ ஆளுக்கு இரண்டு பின்னல் வீதம் ஆறு பின்னல்கள், ஆறு நாடாக்கள். கடைக்குட்டிக்குப் பின்னல் போடும் பொறுப்பை எம் கணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயுமாக அவர் போடும் பின்னலைப் பார்த்து அக்காமார் இருவரும் சிரிப்பார்கள். குழந்தைக்கு மட்டும் அதுவே உலகத்தில் சிறந்த பின்னல். இந்த மகிழ்ச்சியின் நடுவே நாம் கற்றுக்கொண்டவையும் உண்டு. தவறிழைத்து வருந்தியவையும் உண்டு. நம்மைப் போன்ற தாய்மார்க்கு அவை பயன்படக்கூடும் என்பதால் இங்கே மனம் திறக்கிறோம்.

பிறந்த அன்று

கடைக்குட்டி பிறந்த நாள் இன்றும் கண்முன் நிற்கிறது. குழந்தையைத் துணியில் சுற்றி ஏந்தி வந்த செவிலியர், "பெண் குழந்தை" என்று சொல்லிவிட்டு எம் மாமியாரின் முகத்தைப் பார்க்கத் தயங்கினார். அத்தையும் ஒன்றும் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எம் கணவர் மட்டும் கடைத்தெருவுக்குச் சென்று மிட்டாய் வாங்கி வந்து அந்தக் கூடத்தில் இருந்தோர்க்கெல்லாம் வழங்கினார். அடுத்த கட்டிலில் இருந்த பெண், "பையனா அண்ணா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, மூன்றாவது பெண்" என்றார் அவர். மிட்டாயைக் கையில் வாங்கிய அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் பெண்ணே பிறந்திருந்தது. இரண்டு நாள்களாக அவள் கணவன் எட்டிப் பார்க்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

"பெண்ணையே பெறுகிறாள்" என்று பழிக்கப்படுகிற தாய்மார் நம்மிடையே இன்றும் இருக்கின்றனர். உண்மை என்ன? தாயின் கருமுட்டையில் எக்ஸ் என்னும் குரோமோசோம் ஒன்றே உண்டு. தந்தையின் உயிரணுக்களிலோ சிலவற்றில் எக்ஸும் சிலவற்றில் ஒய்யும் இருக்கின்றன. எக்ஸ் சேர்ந்தால் பெண். ஒய் சேர்ந்தால் ஆண். நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1905ஆம் ஆண்டிலேயே ஒரு வகை வண்டினத்தை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டிவிட்டார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்த எளிய உண்மை நம் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்து சேரவில்லை. எனினும், பழியைத் தாயிடமிருந்து தந்தைக்கு மாற்றுவதும் எம் நோக்கம் அன்று. பெண் பிறப்பது பழியே இல்லை என்னும்போது அதை யார் தலையிலும் சுமத்த வேண்டிய தேவை என்ன?

அந்த மௌனத்தின் விளைவைக் கணக்கெடுப்பு ஏடுகள் காட்டுகின்றன. 6 வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு நம் நாட்டில் 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் 927 ஆயிற்று. 2011இல் 920க்கும் கீழே இறங்கிற்று. தமிழ்நாட்டில் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1992இல், பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் சிசுக்களைக் காக்கத் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. தொட்டில் என்னும் இனிய சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் வந்து சேர்ந்ததே என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

தட்டில் தெரிந்த பாடம்

ஒரு நாள் இரவு வீட்டில் நான்கு முட்டைகளே இருந்தன. நாம் வழக்கம்போல், "எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை" என்று சொல்லிக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறினோம். சற்று நேரத்தில் மூத்தவள் தன் தட்டிலிருந்த முட்டையை இரண்டாகப் பிட்டுத் தங்கைகளின் தட்டுகளில் வைத்தாள். "உனக்கு?" என்று கேட்டோம். "எனக்கும் வயிறு சரியில்லை அம்மா" என்றாள்.

அவள் பொய் சொல்கிறாள் என்பது எமக்குத் தெரியும். அந்தப் பொய்யை அவள் எவரிடம் கற்றாள் என்பதும் தெரியும். தியாகம் என்று நாம் எண்ணிச் செய்துவந்தது, "பெண்ணானவள் கடைசியில் உண்ண வேண்டும், பசித்தாலும் பசியில்லை என்று சொல்ல வேண்டும்" என்ற பாடமாக அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. 12 வயது என்பது உடல் விரைந்து வளரும் வயது. மாதவிலக்குத் தொடங்கும் பருவத்தில் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மிகுதியாக வேண்டும். நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்த சோகை உடையவர்கள் என்று 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. தாய் உண்ணாமல் மகளை உண்ணச் சொன்னால் மகள் கேட்பாளா?

அன்று முதல் ஐவரும் ஒன்றாக அமர்ந்து உண்பது என்று முடிவு செய்தோம். இருப்பது எதுவாயினும் ஐந்து பங்கு. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பயறு வகைகளும் வாரத்தில் பல நாள் இடம்பெறுகின்றன. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதன் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவை ஒட்டித் தேநீர் பருகினால் அது குறையும். இவற்றையெல்லாம் மூத்தவளே பள்ளியில் கற்றுவந்து எமக்குச் சொன்னாள்.

காதில் விழுந்த சொல்

இனிச் சொல்லப் போவது எம் தவறு. சென்ற ஆண்டு மூத்தவளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. மணல், கரி, கூழாங்கல் ஆகியவற்றை அடுக்கிக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் அமைப்பொன்றை அவள் பத்து நாள்களாகச் செய்துவந்தாள். கண்காட்சிக்கு முதல்நாள் கடைக்குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டிலோ ஒரு திருமணத்திற்காகத் தைக்க ஏற்ற ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. கணவர் விடுப்பு எடுக்கலாமா என்ற கேள்வியே எமக்கு எழவில்லை, அவருக்கும் எழவில்லை. "நீ இன்று ஒரு நாள் வீட்டில் இரு கண்ணே, தங்கச்சியைப் பார்த்துக்கொள்" என்றோம். அவள் மறுக்கவில்லை, அழவுமில்லை. சீருடையை மடித்து வைத்துவிட்டு ஈரத்துணியை நனைத்துத் தங்கையின் நெற்றியில் போட்டாள். "எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்று நாம் பெருமைப்பட்டோம்.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணித் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்தபோது, நடுவிலவளின் குரல் கேட்டது: "அக்கா, உன் தண்ணி டப்பாவை யார் கொண்டுபோய்க் காட்டினது?" மூத்தவள் சொன்னாள்: "யாரும் இல்லை. நான் பையனா இருந்தா அம்மா என்னைப் போகச் சொல்லியிருப்பாங்க. தூங்கு."

அந்தக் குரலில் கோபம் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப் போல், உலக நடப்பைத் தங்கைக்கு விளக்கிச் சொல்லும் குரலாகவே அது இருந்தது. அதுவே எம்மை உலுக்கிற்று. ஊராரின் மௌனத்தைக் குறைகூறிய நாமே அன்றோ எம் வீட்டிற்குள் அதே பாடத்தை நடத்தியிருக்கிறோம்! பொறுப்பான பிள்ளை என்று பாராட்டிப் பாராட்டியே ஒரு குழந்தையின் குழந்தைமையைப் பறிக்க முடியும் என்பது அன்றுதான் விளங்கியது.

மறுநாள் காலை நானிலமும் கேட்க அல்ல, அவள் மட்டும் கேட்கும்படி, "நேற்று அம்மா செய்தது தவறு, மன்னித்துக்கொள்" என்றோம். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நாமும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அவள் சிறிது நேரம் எம்மைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் அழுதாள்; முந்தின நாள் அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். அன்று முதல் எந்தக் காரணத்திற்காகவும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதில்லை என்பது எம் வீட்டுச் சட்டம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பது தாயும் தந்தையும் மாறி மாறிச் செய்ய வேண்டிய கடமை.

நகையா, உரிமையா?

"ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டியாவான்" என்னும் பழமொழியை எம் உறவினர் ஒருவர் அடிக்கடி நினைவூட்டுவார். "இப்போதே நகைச்சீட்டு கட்டத் தொடங்கு" என்பது அவர் அறிவுரை. அரசனை ஆண்டியாக்குவது பெண் அன்று, வரதட்சணை. அதனைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தும், கொடுப்பவரும் குறையவில்லை, கேட்பவரும் நாணவில்லை.

நகை கொடுத்து அனுப்பிவிட்டால் பெண்ணின் கணக்குத் தீர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குரிய 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்கிறது. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுச் சட்டமோ மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே என்றது. மேரி ராய் என்னும் கேரளப் பெண்மணி தொடுத்த வழக்கில், அந்தப் பழைய சட்டம் இனிச் செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை அளித்துத் தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. சட்டம் வழங்கியதை, "அண்ணன் தம்பி மனம் கோணக்கூடாது" என்று எண்ணி நம் பெண்களே கையெழுத்திட்டு விட்டுக்கொடுப்பதைத்தான் இன்றும் காண்கிறோம். நாமும் அவ்வாறு கையெழுத்திட்டவர்களே. எம் மகளிருக்கு அந்த வழியைக் காட்ட விரும்பவில்லை. நகைச்சீட்டுக்கு மாறாக, மாதந்தோறும் இயன்ற சிறு தொகை மூவர் பெயரிலும் அஞ்சலகத்தில் சேர்கிறது. அது அவர்கள் படிப்புக்கு.

சொல்லத் துணியும் பிள்ளை

இன்னும் ஒன்று. "அடக்கமாக இரு, எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லியே பெண்களை வளர்க்கிறோம். தீங்கு நேரும்போது அவள் வாய் திறவாமல் இருப்பதற்கும் அதுவே காரணமாகிறது. தகாத முறையில் தொடுபவர் உறவினரேயானாலும், மரியாதைக்குரியவரேயானாலும், "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லலாம் என்றும், உடனே எம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்றும், சொன்னால் அடிக்க மாட்டோம், நம்புவோம் என்றும் மூவருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். குழந்தைகளைக் காக்க 2012இல் போக்சோ சட்டம் வந்துள்ளது. 1098 என்னும் உதவி எண்ணும் இருக்கிறது. ஆயினும் குழந்தை முதலில் தேடுவது தாயின் செவியையே. அச்செவி திறந்திருக்க வேண்டும்.

இவ்வாண்டும் அறிவியல் கண்காட்சி வந்தது. மூத்தவள் தன் மணலையும் கரியையும் மீண்டும் அடுக்கினாள். கணவரும் நாமும் நேரில் சென்று பார்த்தோம். எம் மாமியாரும் உடன் வந்தார். பேத்தி கலங்கல் நீரை ஊற்றி அது தெளிந்து சொட்டுவதைக் காட்டியபோது, பக்கத்தில் நின்றவர்களிடம், "இவள் என் பேத்தி" என்றார். பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறொரு மாணவிக்குப் போயிற்று. பாதி பிய்ந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்பியவள், செருப்பைக் கழற்றும் முன்பே, "பசிக்குது அம்மா, ரெண்டு முட்டை வேணும்" என்றாள்.

தாய்மாரே, நம் பெண் பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய சீதனங்களுள் இதுவும் ஒன்று: பசிக்கும்போது பசிக்கிறது என்று சொல்லும் துணிவு. அதைச் சொல்லக் கற்றவள், வலிக்கும்போது வலிக்கிறது என்றும் சொல்வாள். உரிமையை உரிமை என்றும் சொல்வாள். அவளுக்கு அதைக் கற்பிக்கும் முன் நாம் கற்றாக வேண்டும். இன்றிரவு உணவுக்கு அமரும்போது, நம் தட்டிலும் ஒரு பங்கை வைத்துத் தொடங்குவோம்.