பழைய குளிர்சாதனத்தை மாற்றுங்கால்

சென்னையின் கோடை வியர்வையால் உடலை நனைப்பது. தில்லி, நாகபுரி போன்ற நகரங்களின் வைகாசி வெயிலோ நாவை வறளச் செய்வது. ஆனால், ஆடி மாதத்தில் மழை இறங்கியதும் தில்லியும் சென்னையைப் போலவே புழுங்கத் தொடங்கும். ஆகவே, வடபுலத்தில் வாழும் தமிழர் இல்லங்களில் குளிர்சாதனத்திற்கு இரு கடமைகள் உண்டு. வெப்பத்தைத் தணிப்பது ஒன்று. காற்றின் ஈரத்தைப் போக்குவது மற்றொன்று.

வீடு முழுவதையும் ஒரே இயந்திரத்தால் குளிர்விக்கும் ஏற்பாட்டில், வெளியே கம்ப்ரஸரும் வெப்பத்தை வெளியேற்றும் சுருளும், உள்ளே குளிர்ச்சுருளும் விசிறியும் அமைந்திருக்கும். குளிர்ந்த காற்று, கூரையடியிலுள்ள தகரக் குழாய்களின் வழியே அறைகளைச் சென்றடையும். பல்லாண்டு உழைத்த கம்ப்ரஸர் பழுதுற்றால், வெளிப்பகுதியை மட்டும் மாற்றினால் போதாதா என்ற எண்ணம் எழுவது இயல்பே. அது பெரும்பாலும் வீண் செலவாகவே முடியும்.

காரணம் யாது? பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் ஆர்-22 என்னும் வாயு பயன்பட்டது. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகெங்கும் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ, ஆர்-32 ஆகிய வாயுக்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் இயங்குவன. பழைய சுருள் அவ்வழுத்தத்திற்கென அமைக்கப்பட்டதன்று. எனவே, உள்ளும் புறமும் ஒன்றுக்கொன்று பொருந்திய இணையாக மாற்றுவதே முறை.

அடுத்தது அளவு. ஒரு டன் என்பது, 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்க்கும் வெப்பம். அதாவது, சுமார் மூன்றரை கிலோவாட். பழைய டன் கணக்கையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. மேற்கு நோக்கிய சன்னல்கள், மொட்டை மாடியின் சூடு, வாழ்வோர் தொகை ஆகியவற்றைக் கணித்தல் வேண்டும். தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை வடிக்கப் போதிய நேரம் ஓடாது. ஆடி மாதத்தில் அறை குளிர்ந்திருந்தும் பிசுபிசுப்பு நீங்காதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

காற்றுக் குழாய்களின் இணைப்புகளையும் உறைகளையும் முன்னரே சோதித்தல் நன்று. குளிர் கூரையடியிலேயே கசிந்து போனால், புதிய இயந்திரமும் பழையதைப் போலவே திணறும்.

மின்செலவையும் கணக்கிடுவோம். 5 டன் இயந்திரம் தரும் குளிர்ச்சி 17.5 கிலோவாட். பழைய இயந்திரம் இதற்கு 7 கிலோவாட்டும், புதியது 5 கிலோவாட்டும் மின்சாரம் கொள்வதாகக் கொள்வோம். முழுத்திறனில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட் மிச்சம். 120 நாட்களில் 1,920 யூனிட். குளிர்ச்சித் திறனை மின்நுகர்வால் வகுத்து, வரும் எண் கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம்.

பழைய இயந்திரத்தைக் கழற்றும்போது அதன் வாயுவைக் காற்றில் திறந்து விடாமல், உருளையில் சேகரிக்கச் சொல்லுதல் நம் பொறுப்பு. இப்பணிகள் அனைத்திற்கும் மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. வெயில் ஏறிய பின் அவசரத்தில் வாங்குவோருக்கு, அளந்து பார்க்கவும் விலை கேட்கவும் பொழுது வாய்ப்பதில்லை.