விதியை வகுத்தவருக்குச் சோதனை

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் கூவர் 1968-இல் எழுதிய பேஸ்பால் நாவலை அண்மையில் வாசித்தேன். தனிமையில் வாழும் 56 வயதுக் கணக்கர் ஹென்றி, எட்டு அணிகள் கொண்ட தொழில்முறை லீக்கைக் காகிதத்தில் படைக்கிறார். மூன்று பகடைகளை உருட்டி, தாமே வகுத்த விதிகளின்படி பருவந்தோறும் ஆட்டங்களை நடத்துகிறார்.

56-ஆவது பருவத்தில், அவர் மிகவும் நேசிக்கும் இளம் பந்துவீச்சாளர் டேமன், பந்து தாக்கி இறக்கவேண்டுமெனப் பகடை தீர்ப்பளிக்கிறது. மீண்டும் உருட்டினால் கேட்பாரில்லை. ஆயினும் ஹென்றி தீர்ப்பை ஏற்கிறார். பின்னரோ, அந்தப் பந்தை வீசியவரைக் கொல்வதற்காகப் பகடையைத் தம் கையாலேயே திருப்பிவைக்கிறார்.

அவர் திருப்பவேண்டுமென நானும் விரும்பினேன் என்பதே என்னைக் கலங்கவைத்தது. அதிகாரத்தின் விதிமீறல்கள் பெரும்பாலும் இவ்வாறே, நம் அனுதாபத்தின் துணையுடன்தான் தொடங்குகின்றன.