ஓபரா அரங்கில் மாலை உடை

ஐரோப்பியப் பயணத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் ஓபரா எனப்படும் இசைநாடகத்திற்கு ஒதுக்க விரும்புவோர் பலராயினும், அதற்கேற்ற உடை கைவசம் இல்லையே என்ற தயக்கத்தால் அரங்கின் வாயிலோடு திரும்பிவிடுவோரும் உண்டு. அந்த உடைமரபு எக்காரணத்தால் தோன்றியது, இன்று அதில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அறிந்தால் இத்தயக்கம் பெரும்பாலும் தேவையற்றது என்பது விளங்கும்.

1778இல் திறக்கப்பட்ட மிலான் நகரின் லா ஸ்காலா போன்ற பழைய அரங்குகள் குதிரைலாட வடிவில், எதிரெதிரே அடுக்கடுக்கான மாடங்களுடன் கட்டப்பட்டவை. செல்வக் குடும்பங்களுக்கு உரிய அம்மாடங்களில் அமர்ந்தவர்களுக்கு மேடையைவிட எதிர்மாடமே நன்கு தெரிந்தது. நிகழ்ச்சி நடக்கும்போதும் அவையில் விளக்குகள் எரிந்தமையால் பார்வையாளரின் உடையும் அணிகலனும் காட்சியின் ஒரு பகுதியாகவே அமைந்தன. 1876இல் ஜெர்மனியின் பைரோய்ட் நகரில் ரிச்சர்ட் வாக்னர் அமைத்த அரங்கு இம்மரபைப் புரட்டிப்போட்டது. இருக்கைகள் அனைத்தும் மேடையை நோக்கி விசிறிபோல் அமைக்கப்பட்டு, அவையின் விளக்குகளும் தணிக்கப்பட்டதால், பார்வையாளரின் கவனம் முழுவதும் மேடைக்குத் திரும்பியது.

இன்று லண்டனின் ராயல் ஓபரா ஹவுஸ், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஆகியவற்றில் கட்டாய உடைவிதி எதுவும் இல்லை. வியன்னா அரசு ஓபராவில் குறைந்த விலைக்கு நின்று பார்க்கும் இடங்கள் உண்டு. அங்கு வருவோர் எளிய உடையில் வந்து, தத்தம் இடத்திற்கு அடையாளமாகக் கைப்பிடிக் கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டிவைப்பது நெடுநாளைய வழக்கம். அதே அரங்கில் ஆண்டுதோறும் நடைபெறும் ஓபரா நடனவிழாவுக்கோ ஆண்கள் பின்புறம் நீண்ட வால்கோட்டும், பெண்கள் தரைதொடும் நீள அங்கியும் அணிந்தே வரவேண்டும். லா ஸ்காலாவில் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் அணிந்தவர்கள் அவைக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. அவ்வாறு தடுக்கப்படுவோருக்குச் சீட்டுக்கான பணமும் திரும்பக் கிடைக்காது. ஆகவே அரங்கின் பெயரோடு, அன்றைய நிகழ்ச்சி வழக்கமானதா, சிறப்பு விழாவா என்பதையும் முன்கூட்டியே கவனிப்பது இன்றியமையாதது.

பார்வையாளர்கள் திறந்தவெளியில் பொழுது கழிக்கும் இடங்களில் உடையைத் தீர்மானிப்பவை பருவநிலையும் தரையுமே. இத்தாலியின் வெரோனாவில், ரோமானியர் கட்டிய வட்டரங்கில் 1913 முதல் கோடைகால ஓபரா நடைபெற்று வருகிறது. பகல் வெயிலில் சூடேறிய கற்படிகள் முன்னிரவிலும் வெம்மையாக இருக்க, நள்ளிரவை நெருங்கும்போது காற்று குளிர்ந்துவிடுவதால், பருத்தி உடையும் சிறு மெத்தையும் மெல்லிய சால்வையும் ஒருங்கே தேவைப்படுகின்றன. 1934இல் தொடங்கிய இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவில், நீண்ட இடைவேளையின்போது பார்வையாளர்கள் மாலை உடையிலேயே புல்வெளியில் அமர்ந்து உண்கின்றனர். ஊசிக்குதிகால் காலணி அங்கு மண்ணில் புதையும்.

தமிழ்ப் பயணிகள் இதற்கெனப் புதிய மேலைநாட்டு உடை வாங்கவேண்டிய தேவையில்லை. முறைசார் மேலை விருந்தழைப்புகளிலேயே தேசிய உடை மாலை உடைக்கு நிகராக ஏற்கப்படுவதால், பட்டுச்சேலையும் வேட்டி சட்டையும் எந்த அரங்கிற்கும் தகுதியானவையே. குளிர்காலத்தில் மேலே அணியும் கனத்த கோட்டை வாயிலருகே உள்ள உடைக்காப்பறையில் ஒப்படைத்துவிடலாம். ஆனால் ஓபராப் பாடகர்கள் ஒலிபெருக்கியின்றி, தம் குரல்வலிமை ஒன்றைக் கொண்டே அவை முழுவதும் கேட்கப் பாடுபவர்கள். மெல்லிய இசைப்பகுதிகளில் கண்ணாடி வளையலும் கொலுசும் எழுப்பும் ஓசைகூடப் பல வரிசைகளுக்குக் கேட்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே முறை. உயர்த்திக் கட்டிய கொண்டை பின்வரிசையினரின் பார்வையை மறைக்கும். கடும் வாசனைத்திரவியம் அருகிலிருப்போருக்குத் தொல்லை தரும்.

பயணப்பெட்டியில் கசங்காத ஒரு சேலை அல்லது சல்வார், அல்லது அடர்நிறக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி இருந்தால் பெரும்பாலான மாலைகளுக்குப் போதும். செல்வத்தைக் காட்டுவதற்காகத் தோன்றிய உடைமரபில் இன்று போற்றிக் காக்கத்தக்கது, பாடுபவருக்கும் உடன் அமர்ந்து கேட்பவருக்கும் காட்டும் மதிப்பு ஒன்றே; தூய்மையான, ஓசையற்ற, மூன்று நான்கு மணிநேரம் இயல்பாக அமர இடந்தரும் உடை அம்மதிப்பை நிறைவாகவே வெளிப்படுத்துகிறது.