காம்புச் சத்தகம்

வேலணைத் தீவின் ஊர்காவற்துறைப் பக்கத்தில், கரம்பன், நாரந்தனை ஊர்களின் அயலில் இருக்கிறது சுருவில். ஒல்லாந்தர் லைடன் என்று பெயர் சூட்டிய தீவு இது. சுற்றிவர ஆழமில்லாக் கடல், கரையேறினால் பனை. வேலி, கூரை, பாய், சுளகு, கடகம், பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, கூழ் குடிக்கப் பிளா என வீட்டுக்கு வேண்டிய பாதிப் பொருட்களை அந்த மரத்தின் ஓலையே கொடுத்தது. பனையைப் புகழ்ந்து நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். அந்த ஓலையைப் பெட்டியாகவும் பாயாகவும் ஆக்கித் தந்த சின்னக் கத்தியைப் பற்றி எழுதியது குறைவு. அதன் பெயர் காம்புச் சத்தகம்.

கைக்குள் அடங்கும் கருவி. ஒரு முனையில் கூரிய சிறு அலகு. மறு முனை பிடியாகி, அப்படியே ஒடுங்கி, ஊசிபோல் கூராக முடிகிறது. அதுதான் காம்பு. அலகும் காம்பும் ஒரே இரும்பில் அடித்தவை. மடக்குவதற்கு மூட்டு இல்லை, வில்லுக்கத்தியைப் போல உள்ளே சுருளும் இல்லை. உப்புக் காற்றும் குறுமணலும் நிறைந்த ஊரில் மூட்டுள்ள எந்தக் கருவியும் முதலில் இறுகுவது மூட்டில்தான். இதில் இறுகுவதற்கு எதுவுமில்லை.

இரு முனைக்கும் இரு வேலை. அலகு ஓலையை வார்கிறது, ஈர்க்கை நீக்குகிறது, இழைத்து முடிந்ததும் மிஞ்சிய நுனிகளை நறுக்குகிறது. காம்பு, இறுகப் பின்னிய இழைகளை விலக்கி வழிசெய்கிறது. அந்த இடைவெளியில் புதிய ஓலையைச் செருகி இழுக்கலாம். கடகத்தின் விளிம்பை நாரால் பொத்தும்போது காம்பு இல்லாமல் ஒரு தையலும் நகராது. கருவியைக் கீழே வைக்காமல், கைக்குள்ளேயே திருப்பிப் பிடித்து, வெட்டுவதும் துளைப்பதுமாக இழைப்பவர் தொடர்ந்து போகிறார். பெட்டி இழைக்கிறவருக்கு மிச்சமாகும் நேரம் இந்தத் திருப்பலில்தான் இருக்கிறது என்பேன்.

ஓலை வார்தல் என்பது உண்மையில் வெட்டுதல் அன்று, பிளத்தல். பனையோலை விசிறி வடிவம். அதன் ஒவ்வொரு மடலின் நடுவிலும் ஓர் ஈர்க்கு ஓடுகிறது. இருபுறமும் உள்ள நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றன. அலகு ஓலையில் சிறு பிளவைத் தொடக்கிவைத்தால் போதும். பிறகு அது ஆப்பாக நின்று இரு பக்கத்தையும் விலக்க, பிளவு அலகுக்கு முன்னால் தானே ஓடுகிறது. குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு நாரையும் வெட்ட வேண்டும். நெடுக்கே வார்ந்தால் நார்களை ஒட்டியிருக்கும் மெல்லிய திசுவைப் பிரித்தால் முடிந்தது. பெருவிரலை அலகுக்குப் பக்கத்தில் அளவுகோலாக வைத்து ஓலையை இழுத்தால், ஒரே அகலத்தில் இழை இழையாக வந்து விழும். இந்த வேலைக்கு நீண்ட அலகு தொல்லை. அலகு விரலுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறதோ அவ்வளவுக்கு அகலம் பிசகாது. சத்தகம் சிறிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

மட்டையிலிருந்து நார் உரிக்கும்போது இன்னொரு நுட்பம் வேண்டும். பிளவு நடுவே போகாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் மெலிந்துகொண்டே போய் அறுந்துவிடும். அப்போது கத்தியை அழுத்துவதில் பயனில்லை. தடித்த பக்கத்தைக் கூடுதலாக வளைக்க வேண்டும். எந்தப் பக்கம் அதிகம் வளைகிறதோ அந்தப் பக்கம் பிளவு திரும்பும். மூங்கில் பிளப்பவர்களும் இதே விதியைத்தான் கையாளுகிறார்கள். பொறியியல் நூல்கள் முறிவு இயக்கவியல் என்று வகுத்துச் சொல்வதைத் தீவகத்துப் பெண்கள் மணிக்கட்டில் வைத்திருந்தார்கள்.

ஓலை மென்மையானது, கத்தியை என்ன செய்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் ஓலை வார்ந்தவர்கள் கூர் எவ்வளவு விரைவில் மழுங்கும் என்று அறிவார்கள். பனைக் குடும்பத் தாவரங்கள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி, இலையின் நார்க்கற்றைகளை ஒட்டி நுண்ணிய மணிகளாகச் சேர்த்துவைக்கின்றன. வேதியியலில் அது ஓப்பல் கல்லுக்கு உறவு. மோஸ் கடினமானியில் ஓப்பல் 5.5 முதல் 6.5 வரை, மென்னிரும்பு ஏறத்தாழ 4. பதமிடாத இரும்பை ஓலை தேய்க்கும் என்பதில் வியப்பில்லை.

ஆகவே கொல்லன் பட்டடையில் நடப்பது முக்கியமாகிறது. லொறி வில்லுத் தகடு போன்ற பழைய உருக்கில் கரி சுமார் 0.6 சதவீதம் இருக்கும். அதை 800 பாகை செல்சியசுக்கு மேல் செஞ்சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும், ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். எனவே மீண்டும் மெதுவாகச் சூடாக்கிப் பதம் பார்க்க வேண்டும். துலக்கிய உருக்கின் மேல் 220 பாகை அளவில் வைக்கோல் மஞ்சள் படரும், 300 பாகையை நெருங்கும்போது நீலம் வரும். அலகுக்கு மஞ்சள் நல்லது. காம்போ நொறுங்காமல் நெம்ப வேண்டியது, அதற்குக் கொஞ்சம் மென்மை தேவை. ஒரே துண்டு இரும்பின் இரு முனைக்கும் வெவ்வேறு பதம் என்பதால் இதைச் சின்ன வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

சத்தகத்துக்கு உறவுகள் உண்டு. நீண்ட தடியின் நுனியில் வளைந்த அலகைக் கட்டினால் கொக்கைச் சத்தகம். முருங்கைக்காய் பறிக்கவும் ஆட்டுக்குக் குழை அறுக்கவும் அது. சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தி இன்னும் கூரியது, பாளையின் நுனியில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுத்து, சாறு வடியும் குழாய்களைத் திரும்பத் திறந்துவிடுவது. வீட்டுச் சத்தகம் ஓலையோடு நின்றுவிடுவதும் இல்லை. பனங்கிழங்கின் தோலை உரித்து, ஒடியலுக்காக நெடுக்கே பிளக்கவும் கயிறு அறுக்கவும் கைக்கு முதலில் வருவது அதுதான்.

1990களில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். முற்றத்தில் உட்கார்ந்து இழைக்கும் வழக்கமும் அவர்களோடு சிதறியது. பிளாஸ்டிக் கூடைகள் மிச்ச இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1978இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் இன்றைக்கும் ஓலைப் பொருட்கள் கிடைக்கின்றன. அழகுப் பொருளாகவாவது அவை பிழைத்திருப்பது மகிழ்ச்சி. ஓலை இழைக்கப் பழக்கும் இடமெங்கும் சத்தகம் தீட்டவும் பழக்க வேண்டும் என்பது என் ஆசை. கூர் மழுங்கிய கத்தியோடு தொடங்குகிற பிள்ளை, ஓலை கிழிவதைத் தன் கையின் குற்றமென்று நினைத்துக் கைவிட்டுவிடும்.

பழைய வீட்டில் துருப்பிடித்த சத்தகம் ஒன்று அகப்பட்டால் மின் சாணையில் பிடிக்கவேண்டாம். அலகு மெலிதாகையால் நொடியில் சூடேறும். நீலம் தெரிந்தால் அலகின் பதம் இளகிவிட்டது என்று பொருள். நனைத்த கல்லில், மணிக்கட்டை ஒரே சாய்வில் வைத்து, இரு முகத்தையும் சமமாகத் தீட்டுங்கள். காம்பின் முனையை மிகக் கூராக்க வேண்டாம், அது இழையை விலக்க வேண்டியது, குத்திக் கிழிக்கக் கூடாது. துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவி வைத்தால் கடற்காற்று அண்டாது. கூர் போதுமா என்று பார்க்க ஈர்க்கு நீக்கிய ஓலை ஒன்றை எடுத்து நெடுக்கே இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் பிசிர் இல்லாமல் இழை பிரிந்து வந்தால் வேலைக்கு உட்காரலாம்.