கெண்டக்கித் தொண்டர்களும் உள்ளூர் அதிகாரிகளும்

அமெரிக்காவில் கிழக்குக் கெண்டக்கி மலைநாடு நிலக்கரியை நம்பி வாழ்ந்தது. சுரங்கங்களில் இயந்திரங்கள் புகுந்தபின் வேலை அருகி, வறுமை பெருகிற்று. 1964-இல் அதிபர் ஜான்சன் வறுமையின்மீது போர் தொடுத்தார். அவ்வாண்டே ‘அப்பலாச்சியத் தொண்டர்கள்’ எனும் மாணவர் குழு அங்கே புறப்பட்டது. ஓரறைப் பள்ளிகளைப் பழுதுபார்த்து வர்ணம் பூசுவதே அவர்தம் முதற்பணி.

அதுவரை உள்ளூர் அதிகாரிகளுக்கு அவர்கள் நல்ல பிள்ளைகளே. செலவின்றிச் சுவர் புதிதாவதை எவர்தாம் வேண்டாம் என்பர்? பள்ளி ஏன் இந்நிலைக்கு வந்தது எனப் பெற்றோருடன் சேர்ந்து கேட்கத் தொடங்கியதும் முகம் மாறியது. ஆசிரியராகிய நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். சுரங்க வேலை குறைந்த மாவட்டங்களில் ஆசிரியர், பேருந்தோட்டி, சமையற்காரி முதலிய பள்ளி வேலைகளே நிலையான சம்பளம் தந்தன. அவற்றை வழங்கிய கை பள்ளிக் கண்காணிப்பாளருடையது. வாக்குகளும் அக்கையைச் சுற்றியே திரண்டன.

‘வெளியூரார்’, ‘கம்யூனிஸ்டுகள்’ என்ற பேச்சு எழுந்தது. முதற்சொல்லில் சிறிது நியாயம் உண்டு. பலர் ஒரு கோடை தங்கிச் செல்லும் கல்லூரி மாணவர். இரண்டாவது வெறும் ஆயுதம்.

1967 கோடையில் பைக் மாவட்டத்தில் ஜிங்க் ரே எனும் விவசாயி, தம் நிலத்தைத் தோண்டவந்த புல்டோசரை மறித்து நின்றார். தொண்டர்கள் துணைநின்றனர், ஆளுநர் சுரங்க அனுமதியை ரத்துச் செய்தார். அதே ஆகஸ்டில் தொண்டர் ஒருவர் உட்பட மூவர் இராஜ துரோகக் குற்றச்சாட்டில் கைதாயினர். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் முன்னாள் நிலக்கரி முதலாளி! செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அச்சட்டமே செல்லாதென்றது. ஆயினும் 1968-இல் மாநிலச் சட்டமன்றக் குழு பைக்வில்லில் தொண்டர்கள்மீது விசாரணை நடத்தியது. அவர்களுக்கு வந்த அரசுப் பணமும் நின்றது.