இம்முறை வேண்டாம்



பள்ளி ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் வகுப்பது தலைமையாசிரியனுக்கு வாய்க்கும் சோதனைகளுள் ஒன்று. நாடகம், கோலாட்டம், சொற்போர் என ஒவ்வோர் ஆசிரியரும் ஒன்று கொணர்வர். எல்லாம் நல்லனவே, விழாவோ மூன்று மணி நேரம். கணிப்பொறிக்கு மென்பொருள் ஆக்குவோரும் ஒவ்வொரு பதிப்பை வெளியிடும்பொழுதும் இவ்விக்கட்டில்தான் நிற்கின்றனர். கேட்கப்படும் வசதிகள் பல. கையில் உள்ளவை சில திங்களும் சில ஆட்களுமே.

1994-ஆம் ஆண்டில் டாய் கிளெக் என்பார் இதற்கு ஒரு முறை வகுத்தார். இன்றியமையாதவை, இருத்தல் வேண்டுபவை, இருந்தால் நன்றாயிருப்பவை, இம்முறை வேண்டாதவை எனத் தேவைகளை நான்காகப் பிரிப்பது அம்முறை. நான்காவதே என் மனத்தைக் கவர்ந்தது. 'வேண்டாம்' என்னாது 'இம்முறை வேண்டாம்' என்று ஏட்டில் எழுதிவிட்டால் கேட்டவர் மனம் அவ்வளவாக நோவதில்லை.

ஆயினும் இன்றியமையாதது எது? கேட்டவரையே வினவினால், தாம் கேட்டது யாவும் அத்தகையதே என்பார்!

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007 ஜூனில் விற்பனைக்கு வந்தது. ஓரிடத்துச் சொற்களைப் படியெடுத்து மற்றோரிடத்தில் ஒட்டும் எளிய வசதி அதில் இல்லை. குறை கூறினோர் பலர். அதன் திரை விசைப்பலகையை உருவாக்கிய கென் கோசியெண்டா பின்னாளில் காரணத்தை ஒளிக்காமல் கூறினார். அவ்வசதியைச் செம்மையாகச் செய்யப் பொழுதில்லை. விசைப்பலகையும், தட்டும் எழுத்துகளைத் தானே திருத்தும் ஏற்பாடுமே பொழுதைக் கொண்டுவிட்டன. எழுத்துப் பொத்தான்களே இல்லாத கருவியில் விரலால் தொட்டு எழுதுவது பொய்த்தால் கருவியே பொய்த்துவிடும். ஒட்டும் வசதி 2009 ஜூனில் வந்தது. அதுவரை ஏனைய வசதிகள் அதனை எதிர்பாராமலே இயங்கின.

மைக்ரோசாப்டின் வரலாறு வேறு. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்த பதிப்பின் தூண்களுள் ஒன்றாக, கோப்புகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தித் தேடித்தரும் 'வின்எப்எஸ்' என்னும் சேமிப்பு முறையைத் திட்டமிட்டனர். 2004 ஆகஸ்டில் அது அப்பதிப்பில் இடம்பெறாது என அறிவிக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேயே பணியை வேறோர் அடித்தளத்தின்மேல் புதிதாகத் தொடங்கவும் வேண்டியதாயிற்று. விஸ்டா என்ற அப்பதிப்பு பொதுமக்களை அடைந்தது 2007 ஜனவரியில். தாமதத்திற்கு இதுவே முழுக் காரணம் அன்று. எக்ஸ்பியின் பாதுகாப்பைச் செப்பனிடும் வேலையும் ஆட்களை இழுத்துக்கொண்டது. ஆனால் மாடத்தை அடுத்த ஆண்டு கட்டலாம். தூணை அவ்வாறு ஒத்திப்போட இயலுமா?

ஆகவே, 'இதனை எத்தனை பேர் விரும்புகின்றனர்?' என்பதற்கு முன்னர், 'இதன்மேல் வேறு எவை நிற்கின்றன?' என்று வினவுதல் வேண்டும். உங்கள் கல்லூரி நூலகத்திற்கு நீங்களே ஒரு மென்பொருள் எழுதுவதாகக் கொள்ளுங்கள். நூலுக்கு எண் வழங்கும் முறை முதற்பதிப்பிலேயே பழுதின்றி அமைதல் வேண்டும். இரவல், நிலுவை, தேடல் யாவும் அவ்வெண்ணைப் பற்றி நிற்பன. நூலின் அட்டைப் படத்தைத் திரையில் காட்டுவதை அடுத்த பதிப்பிற்கு வைத்துக்கொள்ளலாம், நூலகரே கேட்டாலும்.